கலைக்கான பொதுப்பணம் யாருக்கு?

திருவனந்தபுரத்தின் கரமனை என்னும் ஊர்ப்பெயரை மலையாளத் திரையுலகெங்கும் அறியச் செய்தவர் நடிகர் கரமனை ஜனார்த்தனன் நாயர். அடூர் கோபாலகிருஷ்ணன் 1981இல் இயக்கிய ‘எலிப்பத்தாயம்’ படத்தில், காலம் மாறியதை ஏற்க மறுத்துத் தரவாட்டின் இருளுக்குள் பொறியில் சிக்கிய எலியாகிப்போகும் உண்ணி என்னும் பாத்திரத்தை ஏற்றவர் அவர். நிலப்பிரபுத்துவத்தின் சிதைவை இத்தனை கூர்மையாகக் காட்டிய இந்தியப் படங்கள் மிகச் சிலவே. அந்த இயக்குநரே 2025 ஆகஸ்டில், அதே நகரில் நடைபெற்ற கேரளத் திரைப்படக் கொள்கை மாநாட்டின் நிறைவுநாளில் பேசியதைக் கேட்டவர்களுக்கு உண்ணியின் நினைவு வந்திருந்தால் அதில் வியப்பில்லை.

பெண் இயக்குநர்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் கேரள மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் வழியாக இடது ஜனநாயக முன்னணி அரசு அப்போது படமொன்றுக்கு ரூ.1.5 கோடி வரை ஒதுக்கி வந்தது. இத்தொகை மிக அதிகம், ஊழலுக்கு வழிவகுக்கும், ரூ.50 லட்சமாகக் குறைத்து மூவருக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும், பெறுபவர்களுக்குக் குறைந்தது மூன்று மாதத் தீவிரப் பயிற்சி தர வேண்டும் என்றார் அடூர். இது மக்களின் வரிப்பணம் என்றும் நினைவூட்டினார். அவையிலிருந்தே எழுந்து எதிர்ப்புத் தெரிவித்தவர் பாடகர் புஷ்பவதி. அமைச்சர் சஜி செரியான் அதே மேடையில் திட்டத்தை ஆதரித்துப் பேசினார். யாரையும் இழிவுபடுத்தவில்லை என்று அடூர் பின்னர் விளக்கமளித்தார். அவருடைய உள்நோக்கம் பற்றி இங்கு விவாதம் இல்லை. அவர் முன்வைத்த வாதத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

வரிப்பணம் என்பது உண்மைதான். அப்படியானால் அடூரின் முதல் படமான ‘சுயம்வரம்’ (1972) யார் பணத்தில் உருவானது? மொத்தச் செலவு ஏறத்தாழ ரூ.2.5 லட்சம், அதில் ரூ.1.5 லட்சம் அரசு நிறுவனமான திரைப்பட நிதிக் கழகம் அளித்த கடன். ஐந்தில் மூன்று பங்கு பொதுப்பணம்! அவர் திரைக்கலை பயின்ற புனே கழகமும் மக்கள் வரியில் நடப்பதே. அந்தச் செலவு வீண்போகவில்லை. இந்திய சினிமா அதனால் வளம் பெற்றது. அன்று அவருக்குக் கிடைத்தது கடன், இன்று தரப்படுவது இனாம் என்று வாதிடவும் இடமில்லை. இத்திட்டத்தில் திரைப்பட வளர்ச்சிக் கழகமே தயாரிப்பாளர். படம் பொதுச்சொத்தாகவே நிற்கிறது. இத்திட்டத்தின் முதல் படமான தாரா ராமானுஜனின் ‘நிஷித்தோ’ மாநில அரசின் இரண்டாவது சிறந்த படத்துக்கான விருதைப் பகிர்ந்துகொண்டது. சுருதி சரண்யத்தின் ‘பி 32 முதல் 44 வரை’, சிவரஞ்சினியின் ‘விக்டோரியா’ ஆகியவையும் இவ்வழியே வந்தவைதாம். பயிற்சி வேண்டுமென்றால் எல்லாப் புதுமுகங்களுக்கும் வேண்டும். பெண்களுக்கும் தலித்துகளுக்கும் மட்டும் அதை நிபந்தனையாக்குவது ஏன்?

பொதுப்பணத்தில் கலை வளர்ப்பது இந்நகருக்குப் புதிதுமன்று. ஆண்டுதோறும் நவராத்திரியின்போது பத்மநாபபுரம் சரசுவதியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும், வேளிமலைக் குமாரசாமியும் ஊர்வலமாகக் கரமனையைக் கடந்துதான் கோட்டைக்குள் செல்கின்றனர். அங்கே நவராத்திரி மண்டபத்தில் இசை விழா. திருவிதாங்கூர் மன்னர்கள் அதை வளர்த்த செல்வம் நாஞ்சில் நாட்டு வயல்களிலும் வேணாட்டுத் தோப்புகளிலும் உழைத்தவர்கள் கட்டிய வரியன்றி வேறென்ன? அந்த மண்டபத்தில் ஒரு பெண் குரல் ஒலிக்க 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று பாடியவர் பாறசாலை பி.பொன்னம்மாள். இத்தனை காலமும் பாடிய ஆண்களைப் பார்த்து, இது மக்கள் பணமாயிற்றே, முதலில் மூன்று மாதம் பயின்று வாருங்கள் என்று எவரும் சொல்லவில்லை. ‘தரம்’ பற்றிய கவலை, வாசலில் புதியவர்கள் நிற்கும்போது மட்டும் பிறக்கிறது.

மாநில அரசின் திட்டத்தோடு இது முடிந்துவிடுவதில்லை. நகராட்சிகளுக்கும் மாநகராட்சிகளுக்கும் இதில் பங்குண்டு. கேரளம் 2018இல் தொடங்கிய வைரவிழா கலைஞர் உதவித்தொகைத் திட்டம் ஆயிரம் இளம் கலைஞர்களுக்கு மாதந்தோறும் உதவித்தொகை வழங்குவது. அதில் ஒரு பங்கு பண்பாட்டுத் துறையுடையது, மற்றொரு பங்கு உள்ளாட்சி அமைப்புடையது. கலைஞர்கள் அந்தந்தப் பகுதி மக்களுக்கு இலவசமாகக் கலை கற்பிக்கின்றனர். கட்டணம் கட்டி நடனமோ இசையோ பயில முடியாத வீட்டுப் பிள்ளைகளும், வேலை முடிந்து திரும்பும் பெண்களும் கற்க வழி பிறக்கிறது. இத்தொகை மாதந்தோறும் தவறாமல் கைக்கு வந்தால்தான் திட்டம் உயிரோடிருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. படிப்பகத்துக்கு நகரம் வரி திரட்ட முடியுமென்றால், பறைக்கும் தெருக்கூத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்க முடியாதா? மாமன்றங்களிலும் நகர்மன்றங்களிலும் உள்ள தோழர்கள் வரவு செலவுத் திட்ட விவாதத்தில் இதை எழுப்ப வேண்டும். பெருந்தொகை கேட்டுத்தான் தொடங்க வேண்டுமென்பதில்லை. மாநகராட்சியின் சமுதாயக் கூடத்தில் மாலை நேரத்தில் பறைக் குழு ஒன்று ஒத்திகை பார்க்க வாடகை கேட்கக் கூடாது என்ற ஒற்றைத் தீர்மானத்தைக் கொண்டுவந்து பார்க்கட்டும். யார் யார் எழுந்து எதிர்க்கிறார்கள் என்பது அப்போது தெரியும்.