சத்திரக்காரனின் பங்கு

எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கிச் செல்லும் சாலையை நாம் அறிவோம். கள்வர் கையில் அகப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்த ஒருவனை ஆசாரியனும் லேவியனும் கண்டும் காணாதவர்போல் கடந்து சென்றார்கள். அந்நியனாகிய சமாரியன் நின்றான். லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்திலுள்ள இவ்வுவமையை ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் தடையின்றிக் கூறுவார்கள். நமது நாட்டிலும் அத்தகைய சாலையொன்று இருந்தது. மன்னார்க் கரையில் வந்திறங்கிய தென்னிந்தியத் தொழிலாளர், தம்புள்ளை வழியாகக் காடுகளினூடே நடந்து மாத்தளையை வந்தடைந்த வடக்குப் பாதையே அது. வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் தாகமும் ஆயிரக்கணக்கானோரை அப்பாதையோரத்தில் வீழ்த்தின. பலருக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப் பதிவும் இல்லை.

அவர்களைத் தேடிச் சென்ற கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். 1854ஆம் ஆண்டில் சி.எம்.எஸ். சங்கத்தின் சார்பில் 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கப்பட்டது. திருநெல்வேலியிலிருந்து கடல் கடந்து வந்த உபதேசியார்கள் கோப்பித் தோட்டங்களில் லயன் லயனாகச் சென்று ஜெபித்தார்கள். பிள்ளைகளுக்கு எழுத்தும் கற்பித்தார்கள். தோட்டப் பாடசாலைகள் பலவற்றின் தொடக்கம் இத்தகைய மிஷன் ஊழியங்களிலேயே உள்ளது. அந்த ஊழியத்துக்குத் துரைமாரும் நன்கொடை வழங்கினார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை. துரையின் பணத்தில் நடந்த ஊழியம் துரையின் செக்ரோலைக் கேள்வி கேட்பது எளிதன்று. மிஷனின் பெயரிலேயே 'கூலி' என்ற சொல் குடியேறியிருந்தது. பின்னாளிலேயே அது நீங்கிற்று. எனினும், அந்த உபதேசியார்கள் ஒரு வாரம் தங்கிப் படம் எடுத்துக்கொண்டு திரும்பியவர்கள் அல்லர். மக்கள் பேசிய மொழியே அவர்களுடைய மொழியும்.

அன்பானவர்களே, இப்பழங்கதையை நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. இன்று நமது மலையகத் திருச்சபைகளுக்கு வெளிநாடுகளிலிருந்து இளைஞர் குழுக்கள் வருகின்றன. பாடசாலை விடுமுறையில் பாட்டும் விளையாட்டும் வேதாகமக் கதையுமாக ஒரு வாரம் கழிகிறது. சுவருக்கு வர்ணம் பூசப்படுகிறது. பென்சில் பெட்டிகள் பகிரப்படுகின்றன. எட்டாம் நாள் வேன் புறப்படும்போது பிள்ளைகள் அழுகிறார்கள். அவ்வழுகையையும் படம் எடுப்பவர்கள் உண்டு. அக்குழுக்களின் அன்பை நாம் ஐயுறவில்லை. ஆனால், தாய் மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்க, பாட்டியின் பராமரிப்பில் வளரும் ஒரு பிள்ளைக்குப் பிரிவு புதியதன்று. ஒவ்வொரு விடுமுறையிலும் புதிய அக்காவும் புதிய அண்ணாவும் வந்து அணைத்துவிட்டு மறைவது அப்பிள்ளைக்கு என்ன கற்பிக்கிறது? சிறுவர் இல்லங்களில் இக்கேள்வி இன்னும் கூர்மையடைகிறது. இலங்கையின் சிறுவர் இல்லங்களிலுள்ள பிள்ளைகளுள் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் உயிருடன் இருக்கின்றார். வறுமையே அவர்களை அங்கு கொண்டு சேர்த்தது. அந்த வறுமையை வர்ணப்பூச்சு தொடுவதில்லை.

மாத்தளையின் நிலை தனியானது. நுவரெலியாவைப் போலத் தோட்டத் தமிழர் இங்கு திரளாக வாழ்வதில்லை. எல்கடுவ, இறத்தோட்டைப் பக்கத்து மலைகளில், சிங்களக் கிராமங்களுக்கிடையே சிறுசிறு கூட்டமாகச் சிதறி வாழ்கிறார்கள். உயர்தரத்தைத் தமிழில் கற்பதற்கு ஒரு பிள்ளை வெகுதூரம் செல்ல வேண்டும். பேருந்து வராத நாளில் படிப்பும் இல்லை. நாள்சம்பளம் ஆயிரம் ரூபாயாவதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்த வீடுகளில் பேருந்துக் கட்டணமும் ஒரு பாரமே. படிப்பை இடையில் விட்ட பிள்ளையைத் தேடித் தரகர்கள் வருகிறார்கள். கொழும்பு வீடுகளும் கடைகளும் காத்திருக்கின்றன. வேலைக்கமர்த்தும் குறைந்தபட்ச வயது 2021இல் 16ஆக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில், டயகமத் தோட்டத்திலிருந்து கொழும்பு வீடொன்றுக்கு வேலைக்கு அனுப்பப்பட்ட 16 வயதுச் சிறுமி தீக்காயங்களோடு மருத்துவமனையில் உயிரிழந்தாள்.

2023இல் மலையக மக்களின் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, தேசிய கிறிஸ்தவ மன்றமும் 'மாண்புமிகு மலையக மக்கள்' கூட்டிணைவும் நடைபயணம் ஒன்றை ஒழுங்கு செய்தன. ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி, ஏறக்குறைய 250 கிலோமீட்டர் நடந்து, ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் நிறைவுற்றது. நெடுங்காலத்துக்கு முன்பே நடந்திருக்க வேண்டிய ஒன்று என்று சொன்னாலும் தகும்! ஆனால், அதே மாதத்தில், அதே மாவட்டத்தின் ரத்வத்தைத் தோட்டத்தில், ஒரு தொழிலாளர் குடும்பத்தின் தற்காலிகக் குடிசை தகர்க்கப்பட்டது. நடந்தவர்களின் கால் கொப்புளம் ஆறுமுன் வந்த செய்தி அது.

மீண்டும் உவமைக்கு வருவோம். சமாரியன் அந்தச் சத்திரத்தில் ஓர் இரவே தங்கினான். மறுநாள் தன் வழியே போய்விட்டான். அவனும் குறுகிய கால ஊழியனே! ஆகவே, கொஞ்ச நாள் வந்து போவது குற்றமன்று. ஆனால், போகுமுன் அவன் செய்ததைக் கவனியுங்கள். அங்கேயே இருக்கப்போகும் சத்திரக்காரனிடம் காயப்பட்டவனை ஒப்படைத்தான். அதற்குரிய பணத்தைக் கையில் கொடுத்தான். மேற்செலவு நேரிட்டால் திரும்பி வரும்போது தருவதாக வாக்களித்தான். காயத்துக்கு எண்ணெய் வார்த்ததை வைத்து நாம் ஆயிரம் பிரசங்கம் செய்திருக்கிறோம். சத்திரக்காரனைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறோம்?

மலையகத்தில் சத்திரக்காரர்கள் இருக்கிறார்கள். உயர்தரம் முடித்துவிட்டுத் தோட்டத்திலேயே தங்கி, மாலையில் தேவாலய மண்டபத்தில் சிறுவருக்குக் கணிதமும் சிங்களமும் சொல்லிக்கொடுக்கும் பெண்கள் அவர்கள். பிறப்பு அத்தாட்சிப்பத்திரம் இல்லாத பிள்ளைக்காகப் பிரதேச செயலகத்துக்கு மூன்று முறை ஏறி இறங்குபவர்களும் அவர்களே. இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் 'சத்யோதய' நிலையத்தைத் தொடங்கியபோது, சிங்கள, தமிழ் இளைஞர் ஒன்றாக வாழ்ந்து, தோட்டத்தையும் கிராமத்தையும் நெருங்கிச் சென்றார்கள். தேசியமயத்தின் பின் தோட்ட மக்கள் பசியால் வாடிய அக்கொடிய ஆண்டுகளில் அவர்கள் விருந்தாளிகளாக இருக்கவில்லை. 2017இல் அக்குரு மறைந்தார். தங்கியிருந்து செய்த பணியின் பயன் மறையவில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டு மலைநாட்டைச் சிதைத்தபின் உதவும் கரங்கள் பல நீண்டன. வர விரும்பும் இளைஞரைத் தடுக்க வேண்டாம், அவர்கள் வரட்டும். வருமுன் நமது சபைகள் சிலவற்றைக் கேட்டுத் தெளியட்டும். வருபவர்களின் நன்னடத்தைக்குச் சான்று உண்டா? பிள்ளைகளோடு தனித்திருக்க எவருக்கும் இடமளியாத ஒழுங்கு உண்டா? தவறு நேர்ந்தால் 1929 என்ற தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கத்தை அழைக்கத் தயங்காத ஒரு பெரியவர் சபையில் உண்டா? படங்களில் பிள்ளையின் முகத்தைக் காட்டப் பெற்றோர் இணங்கினார்களா? ஒருவருடைய விமானப் பயணச்சீட்டின் தொகையைக் கொண்டு மாலை வகுப்பு ஆசிரியைக்கு எத்தனை மாத உதவித்தொகை வழங்கலாம் என்பதையும் அக்குழுவினரோடு அமர்ந்து கணக்கிட்டுப் பார்க்கலாம். கணக்கைக் கண்டபின், வருவோரின் தொகையைக் குறைத்து மீதியை அனுப்புவதாக அவர்களே கூறக்கூடும். கூறாவிட்டால், கேட்க வேண்டிய கடமை போதகருக்கும் சபை மூப்பர்களுக்கும் உரியது. அடுத்த தவணை தொடங்குமுன் கேட்டால் நன்று. மாலை வகுப்பு மண்டபத்தில் விளக்கெரிய வேண்டுமே.