மாதர் பகுதி: பால்கட்டும் சீழ்க்கட்டியும்



சென்ற மழைக்காலத்தில், எங்கள் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஒரு பெண்ணைக் காணச் சென்றிருந்தேன். தலைப்பிரசவமாகி ஐந்து வாரம். துணைக்கு வந்திருந்த தாயார் ஊர் திரும்பிவிட்டார். குழந்தை புட்டிப்பாலை மறுத்து அழுதுகொண்டிருந்தது. அவளோ ஜுரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தாள். இடது மார்பு சிவந்து, ஓர் இடம் எலுமிச்சம்பழ அளவுக்குத் திரண்டிருந்தது. "எட்டு நாளாயிற்று, அக்கா. டாக்டரோ ஆண், பாஷையும் தெரியாது. எப்படிக் காட்டுவது? சீழ் குழந்தையின் வயிற்றுக்குள் போய்விடுமென்று அந்தப் பக்கம் பால் கொடுப்பதையும் நிறுத்திவிட்டேன்" என்றாள்.

நோயைவிட, வெட்கமும் அச்சமும் தின்ற அந்த எட்டு நாட்களே அவளுக்கு அதிகத் தீங்கு செய்துவிட்டன.

பால் தேங்கினால் மார்பு வீங்கி நோகும். காம்பில் வெடிப்பு இருந்தால், தோலில் இயல்பாகவே வாழும் ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற கிருமிகள் உள்ளே நுழைந்து ஜுரத்தை உண்டாக்கும். உரிய காலத்தில் கவனியாவிட்டால் சீழ் கட்டும். பிரசவித்த முதல் 6 வாரங்களிலேயே இத்தொல்லை மிகுதி.

தொடக்கத்தில் செய்யத்தக்கவை எளியவை. குழந்தை கேட்கும்போதெல்லாம் பால் கொடுங்கள்; திடீரென நிறுத்தினால் தேக்கம் கூடும். வெந்நீர் ஒத்தடமும் அழுத்தித் தேய்ப்பதும் நம் பாட்டிமார் வழக்கம். குளிர்ந்த ஒத்தடமே வீக்கத்தைத் தணிக்குமென்பது இன்றைய மருத்துவர் கருத்து. பால் வற்றுவதற்காக மல்லிகைப்பூவை வைத்துக் கட்டும் வழக்கம் இவ்வேளைக்கு ஏற்றதன்று. 24 மணி நேரத்தில் ஜுரம் தணியாவிட்டால் டாக்டரிடம் செல்லவேண்டும். மருந்து தொடங்கி 48 மணி நேரத்திலும் குணம் தெரியாவிட்டால், சீழ் கட்டியிருக்கிறதா என்று அல்ட்ராசவுண்ட் மூலம் பார்ப்பார்கள்.

கத்தி வைப்பார்கள் என்று நடுங்கவேண்டாம். பெரும்பாலும் அவ்விடத்தை மரக்கச் செய்து, ஊசியாலேயே சீழை உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள். சில முறை எடுக்க நேரலாம். கட்டி பெரிதாயிருந்தாலோ, மேல்தோல் நைந்திருந்தாலோதான் சிறு கீறல். வீட்டில் ஊசியால் குத்துவதோ பச்சிலை வைத்துப் பழுக்கவிடுவதோ கூடாது. கிருமிக்கொல்லி மருந்தைச் சொன்ன நாள்வரை உட்கொள்ளுங்கள்; பாலூட்டும் தாய் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால், அதற்கேற்ற மருந்தைத் தருவார்கள்.

நல்ல தேகநிலையிலுள்ள குழந்தைக்கு அந்தப் பாலால் கெடுதல் இல்லை. காம்பின் வழியே சீழ் வந்தாலோ, காயம் குழந்தையின் வாய் படும் இடத்தில் இருந்தாலோ, அப்பக்கத்துப் பாலைச் சிலநாள் மென்மையாகக் கறந்துவிட்டு, மறுபக்கம் ஊட்டலாம். குணமான பின்னும் கட்டி மறையாவிட்டால் மீண்டும் காட்டியே தீரவேண்டும்.

பாஷை தடையாயின், "சாத்தீ மே காண்ட் ஹை, புகார் ஹை" என்றால் போதும். நம் மொழியில் புகார் என்பது முறையீடு. ஹிந்தியில் அது ஜுரம்!

அந்தப் பெண்ணுக்கு மூன்று முறை ஊசியால் சீழ் எடுத்தார்கள். இன்று இருபக்கமும் பாலூட்டுகிறாள். மூத்த சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பதினோராம் நாள் போனால் மட்டும் போதாது. தாயார் ஊருக்கு ரயிலேறிய மறுவாரமும் ஒரு நடை போய், "உடம்பு எப்படியிருக்கிறது?" என்று தனியே கேளுங்கள்.