ஒரகடத்தின் ஐந்தெழுத்தும் பைத்தானின் எண்ணிக்கையும்

திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில் வழித்தடத்து ஊர்ப்பெயர்களைத் தொகுத்து எழுத்தெண்ணிக்கையுடன் அட்டவணைப்படுத்த முற்பட்டபோது, எம்.ஃபில். ஆய்வேட்டிற்கெனப் பைத்தான் 2இல் எழுதிய பழைய நிரலையே மீண்டும் எடுத்தேன். அம்மொழிப் பதிப்பிற்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிவுற்றதால், அச்சிடும் வரிகளைத் திருத்திப் பைத்தான் 3இல் இயக்கினேன். பிழைச்செய்தி எதுவும் எழவில்லை. விடைகள் மட்டும் மாறியிருந்தன.

‘ஒரகடம்’ இலக்கணப்படி ஐந்தெழுத்து. பைத்தான் 2 வெறும் மேற்கோள் குறிக்குள் அமைந்த சரத்தைப் பைட்டுகளின் வரிசையாகவே கொள்ளும். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு பெறுவதால் அதன் விடை 18. 2008 டிசம்பரில் வெளிவந்த பைத்தான் 3 ஒருங்குறிக் குறியெண்களை எண்ணுவதால் அதன் விடை 6. புள்ளிக்குத் தனிக் குறியெண் உண்டு ஆதலின் ஈற்று மகரமெய் இரண்டாகிறது.

சர வடிவமைப்பில் இது கண்ணுக்கே புலனாகும். 20 இட அகலம் கேட்டால் பழைய பதிப்பு 2 வெற்றிடங்களையும் புதிய பதிப்பு 14 வெற்றிடங்களையும் சேர்க்கும். முதல் ஐந்தை மட்டும் தருமாறு பணித்தால், பைத்தான் 2 ஓர் எழுத்தையும் அடுத்த எழுத்தின் சிதைவையும் தரும். சிதைவாதலின் உடனே பிடிபட்டுவிடும். பைத்தான் 3 தருவதோ ‘ஒரகடம’. மெய் உயிர்மெய்யாகிவிட்டது, அட்டவணையோ ஒழுங்காகவே தோன்றுகிறது. 2016இல் 3.6ஆம் பதிப்பு கொணர்ந்த எஃப்-சரம் எழுதுவதற்கு எளிது. எண்ணும் அலகை அதுவும் மாற்றவில்லை. ‘இருங்காட்டுக்கோட்டை’யின் ஓகாரக் குறியை ஒரு குறியெண்ணாகவும் இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றே, எண்ணினால் 19 அல்லது 20. இலக்கணம் சொல்வது 10.

குறை பைத்தானுடையதன்று. தமிழெழுத்தைப் பிரித்துத் தரும் ஓப்பன்-தமிழ் போன்ற நிரலகங்கள் உள்ளன. மெய்க்குப் புள்ளி விதித்த தொல்காப்பியத்தைப் பாடமாகப் பயிலும் நாம், எழுத்தை எண்ணும் பொறுப்பைப் பொறியாளரிடம் விட்டதே குறை. சங்க நூல் மேற்கோளுக்கு எவர் பதிப்பு என வினவும் நாம், நிரலுக்கு எப்பதிப்பு என வினவுவதில்லை. யாப்பு, நடையியல் சார்ந்த எண்ணிக்கை ஆய்வுகள் மொழியின் பதிப்பையும் எண்ணலகையும் குறியெண்களைச் சீராக்கிய முறையையும் குறிப்பிட்டாக வேண்டும் என ஆய்விதழ்கள் வற்புறுத்த வேண்டும். இது கூடுதற் சுமை என்பார்க்குச் சொல்ல வேண்டியது, மூன்றே வரிச் செய்தி இது என்பதுதான்.

என் ஆய்வேட்டு அட்டவணைகளைக் கையால் மீண்டும் எண்ணி வருகிறேன். ‘ஸ்ரீபெரும்புதூர்’ என்னும் வழக்கில் முதலிலுள்ளதை ஓரெழுத்தாகக் கொண்டால் 7, ஈரெழுத்தாகக் கொண்டால் 8. அதனை இன்னும் முடிவு செய்யவில்லை.