உலகத்தைப் பிடிக்கலாம்... முதல்ல ரூலை மாத்துங்க!

ஹாஸ்டல் ரூம். ராத்திரி பதினொரு மணி. கட்டில் மேல ஒரு உலக மேப். சுத்தி அஞ்சு பேர், அஞ்சும் லுங்கி. "டேய் மச்சான், இந்தியாவை மட்டும் விட்டுடு. நாளைக்கு என் ரெக்கார்ட் நோட்டைத் தர்றேன்"னு ஒரு கெஞ்சல். மூலையில ஒருத்தர் மட்டும் சுவரைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கார். அவர் அரை மணி நேரத்துக்கு முன்னாடியே அவுட். இன்னும் ரெண்டு மணி நேரம் அவருக்கு வேலையே இல்லை!

புரிஞ்சுடுச்சா பாஸ்? ரிஸ்க் விளையாடுறாங்க.

தெரியாதவங்களுக்காக ஒரு குட்டி அறிமுகம். 'சிவப்பு பலூன்' குறும்படம் எடுத்தாரே, பிரெஞ்சு இயக்குநர் ஆல்பர்ட் லாமொரிஸ்... அவர் கண்டுபிடிச்ச ஆட்டம் இது. 1957-ல் பிரான்ஸில் 'உலக வெற்றி' என்ற அர்த்தத்தில் பேர் வெச்சு வந்தது. 1959-ல் அமெரிக்காவுக்குப் போய் 'ரிஸ்க்' ஆச்சு. 6 கண்டம், 42 நாடு. தாக்குறவருக்கு அதிகபட்சம் 3 பகடை, தடுக்கிறவருக்கு 2. சமமா விழுந்தா தடுக்கிறவருக்கே வெற்றி. ஒரு கண்டத்தை முழுசாப் பிடிச்சா ஒவ்வொரு முறையும் போனஸ் படை: ஆசியாவுக்கு 7, ஆஸ்திரேலியாவுக்கு 2.

ஆட்டம் சூப்பர்தான். ஆனா ஆடினவங்களுக்கு அதோட மூணு வியாதியும் தெரியும். ஒண்ணு, முதல்ல தோக்கிறவர் விடிய விடிய வேடிக்கை பார்க்கணும். ரெண்டு, ஆஸ்திரேலியாவுக்கு ஒரே ஒரு வாசல். அதைப் பிடிச்சவர் கதவைச் சாத்திட்டு ஜம்முனு உட்கார்ந்துடுவார். மூணு, இருக்கிறவருக்கே மேலும் மேலும் சேரும். படை இருந்தா கண்டம், கண்டம் இருந்தா இன்னும் படை!

"ரூல் புக்ல அப்படித்தானே இருக்கு?"ன்னு கேட்காதீங்க. இந்த ஆட்டத்துக்கு ரூல் புக்கே பல தினுசு. ஆளுக்கொரு ரகசிய இலக்கு கொடுக்கிற பதிப்பு இருக்கு. தலைநகரைப் பிடிச்சா ஜெயிச்சதா வெச்சுக்கிற முறை இருக்கு. 2011-ல் வந்த 'ரிஸ்க் லெகஸி'யில ஒவ்வொரு ஆட்டம் முடிஞ்சதும் போர்டு மேல ஸ்டிக்கர் ஒட்டி விதியையே நிரந்தரமா மாத்தணும். அப்போ நாம மட்டும் ஏன் சும்மா இருக்கணும்? வாங்க, நம்ம ஊர்லேர்ந்தே ரூல் எடுப்போம். சென்னைக்கு வடக்கே பொன்னேரி தாண்டினா பழவேற்காடு. உலகத்தைப் பிடிக்கிற ஆட்டம் அங்கே நிஜமாவே நடந்திருக்கு.

ரூல் 1: கடல் வழி

போர்டுல இந்தியாவைப் பாருங்க. மத்தியக் கிழக்கு, ஆப்கானிஸ்தான், சீனா, சியாம்... நாலு பக்கத்து நாடும் நில வழிதான். கடல் கோடு ஒண்ணுகூடக் கிடையாது! ஆனா பழவேற்காட்டுக்கு வந்த ஐரோப்பியர் எல்லாருமே கடல்லதான் வந்தாங்க. போர்ச்சுகீசியர் முதல்ல. 1610-ல் விஜயநகர மன்னர் இரண்டாம் வெங்கடர் அனுமதியோட டச்சுக்காரங்க. 1612-ல் போர்ச்சுகீசியர் வந்து அடிச்சாங்க. டச்சுக்காரங்க 1613-ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி முடிச்சாங்க. இங்கேயிருந்து துணியும் வெடிமருந்தும் கப்பலேறி இந்தோனேஷியத் தீவுகளுக்குப் போச்சு. அடிமையா வாங்கப்பட்ட மனுஷங்களும் அதே கப்பல்லதான் போனாங்க, அதையும் மறக்காதீங்க. நீங்க கட்டியிருக்கிற லுங்கிக்கு மலாய் மொழியில 'பெலிக்காட்'னு ஒரு பேர் உண்டு. பழவேற்காட்டை வெள்ளைக்காரங்க கூப்பிட்ட பேர்லேர்ந்து வந்ததுதான் அது!

அதனால பென்சில் எடுங்க. இந்தியாவுக்கும் இந்தோனேஷியாவுக்கும் நடுவுல ஒரு கோடு. அவ்வளவுதான், ஆஸ்திரேலியாவுக்கு ரெண்டு வாசல் ஆகிடும். கதவைச் சாத்திட்டுத் தூங்குற நண்பருக்கு இனி தூக்கம் போச்சு.

ரூல் 2: 1795

அந்த வருஷம் பிரெஞ்சுப் படை நெதர்லாந்துக்குள்ள புகுந்தது. நாட்டை ஆண்டவர் இங்கிலாந்துக்கு ஓடினார். அங்கே உட்கார்ந்து, 'கோட்டைகளை ஆங்கிலேயர்கிட்ட ஒப்படைச்சிடுங்க'ன்னு தன் நாட்டு அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். அதே வருஷம் பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்குப் போச்சு. எங்கேயோ தலை விழுந்தா இங்கே வால் ஆடுது!

ஆட்டத்துல இதை இப்படி வைங்க. ஆளுக்கொரு தலைநகரை ஆரம்பத்துலேயே சொல்லிடணும். அது விழுந்தா, உங்க அடுத்த முறை வர்ற வரைக்கும் எல்லா நாட்டுலயும் ஒரே பகடையில்தான் தடுக்க முடியும். அப்புறம் புதுத் தலைநகர் வெச்சுக்கலாம். இது எவ்வளவு பெரிய அடி தெரியுமா? 3 பகடைக்கு எதிரா ஒரே பகடைன்னா, தாக்குறவர் ஜெயிக்கிற வாய்ப்பு 66 சதவீதம்!

ரூல் 3: 1824

1818-ல் பழவேற்காடு திரும்பவும் டச்சுக்காரங்க கைக்கு வந்தது. 1824 மார்ச்சில் லண்டன்ல ஒரு ஒப்பந்தம். டச்சுக்காரங்க இந்தியாவில் இருந்த தங்கள் இடங்களையும் மலாக்காவையும் கொடுத்தாங்க. ஆங்கிலேயர் சுமத்ராவில் இருந்த பென்கூலனைக் கொடுத்தாங்க. 1825-ல் பழவேற்காடு கைமாறியது. ஒரு குண்டுகூட வெடிக்கலை. பழவேற்காட்டு ஆளுங்க யாரையும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

ரூல் என்னன்னா, ஒரு சுற்றுக்கு ஒரு தடவை ரெண்டு பேர் பேசி வெச்சு ஆளுக்கொரு நாட்டை மாத்திக்கலாம். அங்கங்கே இருக்கிற படையும் இடம் மாறிக்கும். பக்கத்து நாடா இருக்கணும்னு அவசியம் இல்லை. ரெக்கார்ட் நோட்டு பேரத்துக்கு இனிமே அதிகாரபூர்வ அனுமதி!

ரூல் 4: பாடு

இதுவரைக்கும் பார்த்தது கோட்டைக்காரங்க ஆட்டம். அதே ஏரியில் மீனவர்களுக்குன்னு வேற ஒரு ஆட்டம் தலைமுறை தலைமுறையா நடக்குது. அதுக்குப் பேர் 'பாடு'.

ஏரியில எல்லா இடமும் ஒண்ணு இல்லை. இறால் நல்லா விழுற இடங்கள் கொஞ்சம்தான், அது எல்லாருக்கும் தெரியும். பலசாலி போய்ப் பிடிச்சுக்கிட்டா? தினமும் சண்டைதான். அதனால கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் மீனவர்கள் சுத்து வலை போடுற இடங்களை முறை வெச்சுப் பிரிச்சுக்கிட்டாங்க. இன்னைக்கு ஒரு குப்பம், நாளைக்கு வேற குப்பம். குப்பத்துக்குள்ளேயும் யாருக்கு எந்த இடம்னு முறை, சீட்டு. நல்ல இடம் யாருக்கும் சொந்தம் கிடையாது. மோசமான இடமும் யாருக்கும் நிரந்தரம் கிடையாது. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் வலை போடுற இடத்துக்கு இப்படிச் சீட்டுப் போடுற வழக்கம் உண்டு.

இதை அப்படியே ரிஸ்க்குக்குக் கொண்டு வருவோம். கண்டத்தை முழுசாப் பிடிச்சா போனஸ்ங்கிறதை அடிச்சிடுங்க. 6 கண்டத்தோட பேரையும் 6 சீட்டுல எழுதிக் குலுக்கிப் போடுங்க. உங்க கையில இருக்கிற சீட்டுக் கண்டத்துல உங்களுக்கு ஒரு நாடாவது இருந்தா, அந்தச் சுற்றுக்கு அந்த போனஸ் உங்களுக்கு. சுற்று முடிஞ்சதும் சீட்டு இடது கைப்பக்கம் நகரும். ஆள் குறைவா? காலி நாற்காலியையும் ஆளா எண்ணி ஆறாக்கிடுங்க. 6 சுற்று முடிஞ்சா ஆட்டம் ஓவர். யார்கிட்ட அதிக நாடோ அவருக்கு வெற்றி.

அடிதடி அப்படியேதான் இருக்கும். ஆனா அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிப்பீங்க. இந்தச் சுற்றுல நீங்க நசுக்குறவர் கைக்கு அடுத்த சுற்றுல ஆசியாச் சீட்டு போகப் போகுது!

அதுல ஒரு சிக்கல்...

பாடு ஒண்ணும் சொர்க்கம் இல்லை. வட்டத்துக்குள்ள இருக்கிறவங்களுக்கு அது நியாயம். வட்டத்துலயே இல்லாதவங்களுக்கு? இடுப்பளவு தண்ணியில நின்னு கையால துழாவி இறால் பிடிக்கிற இருளர் பெண்களுக்கு அந்த முறையில இடம் இல்லை. மற்ற சாதிகள்லேர்ந்து பின்னாடி மீன்பிடிக்க வந்தவங்களுக்கும் இல்லை. "எங்களுக்கு ஏன் முறை கிடையாது?"ன்னு அவங்க கேட்டாங்க, தகராறும் ஆச்சு. இன்னொரு பக்கம் ஏரியோட தலையெழுத்தை எழுதுறவங்க குப்பங்களுக்கு வெளியே இருக்காங்க. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து இதே மீனவர்கள் தெருவுக்கு வந்தது, தங்களைக் கேட்காம ஏரியை மாத்திடுவாங்களோங்கிற பயத்துலதான்.

ஆக, ரூல் நல்லதா கெட்டதாங்கிறதுக்கு முன்னாடி இன்னொரு கேள்வி இருக்கு. அதை எழுதும்போது யார் உட்கார்ந்திருந்தாங்க? யார் நின்னுட்டிருந்தாங்க? ஹாஸ்டல் மெஸ் கமிட்டியில ஆரம்பிச்சு எல்லா இடத்துலயும் கேட்க வேண்டிய கேள்வி பாஸ் இது.

ரூல் 5: மூலையில உட்கார்ந்தவர்

அதனால கடைசி ரூல் அவருக்கு. முதல்ல அவுட் ஆனவர் மீதி நேரம் சுவரைப் பார்க்க வேண்டாம். ஒரு பேப்பர் கொடுங்க. அடுத்த ஆட்டத்துக்கான ஒரு புது விதியை அவர் எழுதுவார். யாரும் மறுக்கக் கூடாது. ஒரே ஒரு நிபந்தனை, அது எல்லாருக்கும் பொதுவா இருக்கணும். ஆட்டத்துல எங்கே வலிக்குதுன்னு ஜெயிச்சவரைவிட அவருக்குத்தான் நல்லாத் தெரியும்.

செமஸ்டர் லீவுல ஒரு ஞாயித்துக்கிழமை பழவேற்காட்டுக்குப் போய்ட்டு வாங்க. டச்சுக் கல்லறைத் தோட்டத்து வாசல்ல ரெண்டு எலும்புக்கூட்டுச் சிற்பம் உங்களை வரவேற்கும். உலகத்தைப் பிடிக்க வந்தவங்க உள்ளே தூங்குறாங்க. கோட்டை இருந்த இடத்துல புதர் மண்டிக் கிடக்கு. அப்படியே கரைக்கு வந்து, வலையோட நிக்கிற அண்ணன் யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க: "இன்னைக்கு யார் முறைண்ணே?"

திரும்பி வந்ததும் போர்டை விரிங்க. சீட்டு எழுத மறக்காதீங்க!