சோம்பேறி என்றவர்களுக்கும் வேகம் விற்பவர்களுக்கும்

‘திறமை உண்டு, முயற்சி காணாது.’ பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கையில் எங்களில் கனபேருக்கு வருசா வருசம் வந்த வசனம் இது. ஏடிஎச்டி, ஓட்டிசம், டிஸ்லெக்சியா என்ற சொற்களெல்லாம் பிறகுதான் எங்களுக்கு வந்து சேர்ந்தன. அதுக்கு முதல் எங்களுக்கு வேற பெயர்கள் இருந்தன: சோம்பேறி, விளையாட்டுப் புத்தி, மறதிக்காரன், சொன்னா விளங்காதது.

இப்ப அந்தப் பட்டியலில் புதுசா ஒன்று சேர்ந்திருக்கு. கம்பஸ் வேலைக்கு ஏஐ பாவித்தால் ‘கள்ளர்’ என்கிறார்கள். மற்றப் பக்கத்தில் இன்னொரு கூட்டம் நிற்கிறது. ‘ஏடிஎச்டியா? இந்த அப்பை வாங்குங்கோ, பத்து மடங்கு வேகமா வேலை செய்வியள்’ என்று யூடியூப்பில் கூவுகிறது. ரெண்டு பேருக்கும் எங்களைப் பற்றி ஒரே நினைப்புத்தான்: இந்த ஆக்களைத் திருத்த வேணும். ஒருவர் ஏசித் திருத்தப் பார்க்கிறார், மற்றவர் சந்தா வித்துத் திருத்தப் பார்க்கிறார். ரெண்டையும் நாங்கள் ஏற்கவில்லை.

முதலில் பிரச்சினை என்ன என்பதைச் சொல்லிவிடுவோம். வேலை தெரியாமலோ விருப்பமில்லாமலோ நாங்கள் இருந்துவிடுவதில்லை. செய்ய வேண்டியது தெரியும், செய்யவும் ஆசை, ஆனால் தொடங்க ஏலாது. ‘வெள்ளிக்கிழமைக்குள் கட்டுரை தாங்கோ’ என்பது பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு வேலை. எங்களுக்கு அது இருபது வேலை, அதில் எது முதலாவது என்று தெரியாத இருபது. விரிவுரையாளர் வாயால் சொன்ன ஐந்து அறிவுறுத்தலில் மூன்றாவது வரும்போது முதலாவது மனதை விட்டுப் போயிருக்கும். டிஸ்லெக்சியா உள்ளவருக்கு ஒரு பக்கத்தை வாசித்து முடிக்கவே தெம்பு முடிந்துவிடும். மனித மூளைகள் பலவிதம், அதில் எங்களதும் ஒரு விதம் என்ற பேச்சை 1990களில் ஓட்டிசம் உள்ளவர்களே தங்களுக்குள் தொடக்கினார்கள். எங்களைப் போன்றவர்களை நரம்பியல் வேறுபாடுள்ளவர்கள் என்று சொல்வது அதன் தொடர்ச்சிதான்.

இந்த இடத்தில்தான் ஏஐ உதவுகிறது. கொப்ளின் டூல்ஸ் என்று ஒன்று இருக்கு, இணையத்தில் இலவசம். ‘அறையைத் துப்புரவாக்க வேணும்’ என்று போட்டால் சின்னச் சின்னப் படிகளாக உடைத்துத் தரும். இன்னும் உடை என்றால் இன்னும் உடைக்கும். தாறுமாறாக வாயால் சொன்னதை ஒழுங்கான குறிப்பாக்கித் தர ஏஐயிடம் கேட்கலாம். ஒரு மின்னஞ்சலைக் காட்டி ‘இவர் கோபமா இருக்கிறாரா, என்னட்டை என்ன கேட்கிறார்?’ என்று கேட்கலாம். ஒரே கேள்வியை ஏழாவது தடவை கேட்டாலும் அது பெருமூச்சு விடாது. இதில எங்க களவு இருக்கு? யோசனை எங்கட, வாதம் எங்கட, பிழையும் எங்கட. வாசற்படியில் ஏற ஒரு பலகை போட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

முழுக் கட்டுரையையும் ஏஐயை எழுதச் சொல்லித் தன் பெயரைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்தான். அதை நாங்கள் காப்பாற்ற வரவில்லை. ஆனால் ஒரு சோதனை எதை அளக்கிறது என்று முதலில் கேளுங்கோ. வரலாற்றுப் பாடம் அளப்பது வரலாற்று விளக்கத்தை என்றால், வேலையைத் துண்டு துண்டாகப் பிரிக்க உதவி எடுத்தவரின் விளக்கம் குறைந்துபோவதில்லை. கண்ணாடி போட்டுக் கரும்பலகை பார்த்தவரை ஆரும் கள்ளன் எண்டு சொல்லுறதில்லை.

‘கண்டுபிடிக்கும் கருவி இருக்கு’ என்று மிரட்டுகிறவர்களுக்கு ரெண்டு விசயம் சொல்ல வேணும். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படியொரு கருவியை வெளியிட்டு, துல்லியம் போதாது என்று அதே ஆண்டு ஜூலையில் நிறுத்திவிட்டது. அதே 2023இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய 91 டோஃபல் கட்டுரைகளை 7 கருவிகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். மனிதர் எழுதிய அந்தக் கட்டுரைகளில் சராசரியாக 61 வீதமானவற்றை ஏஐ எழுதியது என்று அவை பிழையாகச் சொல்லின. காரணம் லேசாக விளங்கும். அடுத்து எந்தச் சொல் வரும் என்று ஊகிக்கக்கூடிய எழுத்தை இக்கருவிகள் சந்தேகிக்கின்றன. படித்த அளவு ஆங்கிலத்தில், தெரிந்த சொற்களை வைத்துக் கவனமாக எழுதும் பிள்ளை எப்படி எழுதும்? ஊகிக்கக்கூடிய மாதிரித்தான் எழுதும். தமிழ் மூலம் ஏ/எல் எடுத்து, ஆங்கில மூலம் படிக்கக் கம்பஸ் போகிற எங்கட பிள்ளையளை நினைச்சுப் பாருங்கோ.

இனி வேகம் விற்பவர்களிடம் வருவோம். 2025இல் அமெரிக்க ஆய்வு அமைப்பு ஒன்று, அனுபவமுள்ள 16 மென்பொருள் எழுத்தாளர்களை ஏஐயோடும் ஏஐ இல்லாமலும் வேலை செய்ய வைத்தது. ஏஐ பாவித்தபோது அவர்களுக்கு 19 வீதம் கூடுதல் நேரம் எடுத்தது. ஆனால் வேலை முடிந்தபிறகும், தாங்கள் 20 வீதம் வேகமாகச் செய்ததாகவே நம்பினார்கள். வேகமாகப் போவது போன்ற உணர்வு வேறு, வேகம் வேறு. ஒரு விசயத்தில் விழுந்தால் நேரம் போவதே தெரியாத எங்களுக்கு இது இன்னும் ஆபத்து. கட்டுரையைத் தொடாமல், கட்டுரைக்கான திட்டத்தையே இரவு ரெண்டு மணி வரை ஏஐயோடு மெருகூட்டிக்கொண்டிருக்கலாம். அது பிழையான தகவலையும் சரியானதைச் சொல்கிற அதே உறுதியோடு சொல்லும். சரிபார்க்கிற சுமையும் எங்கட தலையிலதான்.

அப்படியே ஒரு மணித்தியாலம் மிஞ்சினாலும் அது ஆருக்குப் போகுது? வேலைத்தளத்தில் அந்த மணித்தியாலத்துக்குள் இன்னொரு வேலை வந்து விழும். களைத்துப்போன மூளைக்கு ஓய்வு கேட்டால், ‘உங்களுக்குத்தான் ஏஐ இருக்கே’ என்பார்கள். எங்களை மற்றவர்களின் வேகத்தில் ஓட வைக்க ஒரு கருவி தேவை என்றால், அந்த வேகத்தை ஆர் வைத்தது என்று கேட்கிற உரிமையும் எங்களுக்கு இருக்கு.

இன்னுமொன்று: இந்த உதவி எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கிடைப்பதில்லை. ஆங்கிலத்தில் கேட்டால் நேர்த்தியாக வரும் பதில், தமிழில் கேட்டால் தடுமாறும். வந்தாலும் எங்கட பேச்சு மாதிரி இராது. சாட்ஜிபிடியின் கட்டணச் சேவைக்கு மாதாமாதம் காசு கட்ட வேணும். டேட்டாக் காட் போடவே யோசிக்கிற வீட்டில் அந்தக் காசுக்கு எங்க போறது? ஆகக்கூடத் தேவைப்படுபவருக்கு ஆகக்குறையக் கிடைக்கும் ஒன்றைத் தீர்வென்று எங்களால் சொல்ல ஏலாது.

அதனால் நாங்கள் கேட்பது இரக்கத்தை அல்ல. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதிப்படுத்தியது. நியாயமான வசதியை மறுப்பதும் பாரபட்சமே என்று அந்தச் சமவாயம் சொல்கிறது. நாங்கள் கேட்கிற வசதிகள் பெரிய செலவில்லாதவை. வாயால் சொல்லும் அறிவுறுத்தலை எழுத்திலும் தாங்கோ. ஒரு பெரிய இறுதித் திகதிக்குப் பதிலாக இடையில் சின்னத் திகதிகள் வையுங்கோ. எந்த ஏஐ உதவிக்கு அனுமதி, எதற்கு இல்லை என்று பாடம் தொடங்கும்போதே எழுதிப் போடுங்கோ. சந்தேகம் வந்தால் கருவியிடம் கேட்காமல் பிள்ளையைக் கூப்பிட்டுப் பத்து நிமிசம் கதையுங்கோ. எல்லாத்துக்கும் வைத்தியரின் கடிதம் கேட்காதீங்கோ. வளர்ந்த ஒருவர் இதற்கான மதிப்பீட்டைத் தமிழில் செய்விக்க அலைகிற அலைச்சல் உங்களுக்குத் தெரியாது.

இதை வாசிக்கிற எங்கட ஆக்களுக்கு: தொடங்க உதவுகிறதென்றால் வெட்கப்படாமல் பாவியுங்கோ. உங்கட வைத்திய விபரத்தையும் மனக்கஷ்டத்தையும் அதில் கொட்டமுதல் ஒருக்கா யோசியுங்கோ, அது ஒரு கொம்பனியின் கணினிக்குப் போகுது. படி உடைக்க அதை விடுங்கோ, முடிவெடுக்க விடாதீங்கோ. வேலை முடிஞ்சு நேரம் மிஞ்சினா, அதில இன்னொரு வேலையை ஏத்தாமல் படுத்து நித்திரை கொள்ளுங்கோ.