நாளைக்கு லீவா?



தொலைக்காட்சியில் ரமணன் சார் வந்தாலே நாம் கேட்டது ஒரே கேள்விதான்: 'நாளைக்கு லீவா?' அவர் சொன்னது மழை. லீவு விட்டது அரசாங்கம். 2016இல் அவர் ஓய்வு பெற்றார். அந்தக் கேள்வி இன்னும் ஓய்வு பெறவில்லை.

சென்னையிலும் காரைக்காலிலும் டாப்ளர் ரேடார் இருக்கிறது. மழைத்துளியில் பட்டுத் திரும்பும் அலையை வைத்து அது மழையை அளக்கும். ஆற்றில் வரும் வெள்ளத்தை அளக்காது. பெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு நம் புதுச்சேரி அருகே கரை கடந்தது. புயல் போய்விட்டது என்று நாம் மூச்சு விட்டபோது, டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கனஅடி திறந்தார்கள். தென்பெண்ணை பெருகி பாகூர் பக்கம் வெள்ளம் புகுந்தது.

லீவு என்றதும் காரில் குடும்பத்தோடு ஊர் சுற்றக் கிளம்புகிறவர்களுக்கு அது கொண்டாட்டம். மழை விட்டதும் கூலிக்கு ஓடும் மடுகரைத் தாய்க்கு? பிள்ளைக்கு அன்று மதிய உணவு இல்லை. ஏரிப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளும் இல்லை.

லீவு வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த அறிவிப்பிலேயே எந்த ஆற்றில் எத்தனை கனஅடி, எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வரும் என்றும் சொல்லுங்கள். அன்றைக்கும் பிள்ளைகளுக்குச் சோறு போடுங்கள். பெற்றோர்களே, லீவைக் கேட்குமுன் தண்ணீரைக் கேளுங்கள்.