குளத்தில் டீ போட்டது யார்?

"பளிங்கு மாதிரி தண்ணீர் விட்டோம், ஸார்! மறுநாள் காலையில் பார்த்தால் டீத் தண்ணீர்!"

அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் இப்படி அங்கலாய்த்தார். அங்கே நீச்சல் குளத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரை விட்டு, குளோரின் போட்டிருக்கிறார்கள். நிறம் மாறியதும் அழுக்கு என்று எண்ணி, இன்னொரு பங்கு குளோரினைக் கொட்டினார்கள். நீர் மேலும் சிவந்ததுதான் மிச்சம்!

நேயர்களே, அது அழுக்கல்ல, இரும்பு. பூமிக்குள் காற்றுப் படாமல் இருக்கும்வரை அது நீரில் கரைந்து, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். குளோரின் பட்டதோ இல்லையோ, துருவாகி வெளியே வந்துவிடும். லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் இருந்தாலே வெள்ளைத் துணியில் கறை ஏறும் என்றால் பாருங்களேன்!

நீர் தெளிவாக இருந்தபடியே பச்சையானால் செம்பைச் சந்தேகியுங்கள். பாசியை ஒழிக்க மயில்துத்தம் போட்டிருப்பார்கள். அல்லது, புளி பட்ட செப்புப் பாத்திரம்போல, அமிலம் மிகுந்த நீர் செப்புக் குழாயை அரித்திருக்கும். கலங்கிப் பச்சையாகி, சுவரும் வழுக்கினால் அது பாசி. கறுத்தால் மாங்கனீஸாக இருக்கலாம்.

பரிகாரம் என்ன? நிரப்புவதற்கு முன்பே, வெள்ளை வாளியில் அந்த நீரை எடுத்து, ஒரு சிட்டிகை பிளீச்சிங் பவுடர் போட்டு, ஒரு மணி நேரம் வையுங்கள். பழுப்பேறினால், இரும்பு நீக்கும் வடிகட்டி வழியாக விட்ட பிறகே குளத்துக்கு.

ஏற்கெனவே சிவந்துவிட்டதா? படிகாரம் கரைத்து ஊற்றி, பம்பை நிறுத்தி, இரவு முழுவதும் தெளிய விடுங்கள். காலையில் அடி வண்டலை உறிஞ்சி வெளியேற்றுங்கள். அப்புறம் அமில நிலையையும் குளோரின் அளவையும் சோதித்து, குறைந்த குளோரினைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். கறைக்குப் பயந்து குளோரினையே விட்டுவிட்டால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம்!

"சிவப்பாக இருந்தால் என்னப்பா? குளிக்கிறேனே!" என்று நண்பரின் மகன் கெஞ்சினானாம். நண்பர் மனம் இளகிவிட்டார். அவர் மனைவியோ ஒரு ரூபாய் நாணயத்தைக் குளத்தில் போட்டு, "தெரிகிறதா?" என்று கேட்டாள்.

தெரியவில்லை.

"நாணயம் தெரியாத தண்ணீரில் மூழ்கும் குழந்தை மட்டும் தெரியுமோ?"

குளத்துக் கதவு அன்றே பூட்டப்பட்டது. அந்த அம்மாள் சொன்னதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது?